ஒரே வீட்டில் இரண்டு தொட்டி: ஒன்றில் தண்ணீர் மாற்றியதும் பழைய மீன்கள் போய்விட்டன, இன்னொன்றில் புது மீன் மட்டும் சாகிறது

வேளச்சேரிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், எதை விட்டால் எது முக்கியமாகிவிடுமோ என்று தெரியவில்லை. வீட்டில் இரண்டு நன்னீர்த் தொட்டிகள். ஹாலில் 3 அடித் தொட்டி, மணல், கல் எல்லாம் போக சுமார் 130 லிட்டர். டாப் ஃபில்டர், கூடவே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். கார்டினல் டெட்ரா கூட்டம், கோரிடோராஸ், ஒரு ஜோடி முத்து குராமி, ஒரு சக்கர் மீன். படுக்கையறையில் 2 அடித் தொட்டி, 50 லிட்டர், ஸ்பாஞ்ச் மட்டும், அதில் எம்பர் டெட்ராவும் ஒரு தேன் குராமியும் நத்தைகளும். இரண்டுமே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடுகின்றன, பெரிய தொந்தரவு எதுவும் இருந்ததில்லை.

ஞாயிறு காலையில் பெரிய தொட்டியில் பாதித் தண்ணீர் மாற்றினேன். ஆன்டி குளோரின் போட்டேன். மதியம் வரை ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் டெட்ராக்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ராத்திரிக்குள் பாதிக்கு மேல் செத்துவிட்டன, கோரிடோராஸும் போய்விட்டன. குராமி இரண்டும் சக்கரும் மட்டும் தெம்பாக இருக்கின்றன. உடம்பில் புள்ளி, பஞ்சு, காயம் எதுவும் இல்லை.

சின்னத் தொட்டியின் கதை வேறு. அதில் தண்ணீர் மாற்றவில்லை. போன வாரம் சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரிலிருந்து கொஞ்சம் எம்பர் டெட்ரா வாங்கிப் போட்டேன், பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டுத்தான் திறந்தேன். மறுநாள் காலையில் புதியவை எல்லாம் அடியில் கிடந்தன. பழையவை எப்போதும்போலச் சாப்பிடுகின்றன, சண்டை போடுகின்றன.

கடையில் கேட்டேன், தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைப் பட்டை வைத்துப் பார்த்துவிட்டு நைட்ரைட் பூஜ்யம், தண்ணீர் நன்றாக இருக்கிறது, மீனுக்கு ஏதோ நோய் என்று மருந்து கொடுத்தார்கள். இன்னும் ஊற்றவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? மிச்சம் இருப்பவற்றை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

கப்பிரசிகன்:
பிரோ, மேலே வந்து மூச்சு வாங்கினால் பெரும்பாலும் செவுளில் புழு. லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போடுங்கள், மெத்திலீன் ப்ளூ போடுங்கள், இருட்டாக்கி மூன்று நாள் விடுங்கள். எனக்கு எப்போதும் வேலை செய்யும்.

நீர்ப்பாசி:
தம்பி, எதையும் ஊற்றாதீர்கள். மருந்து பாட்டிலை மூடி வையுங்கள். மெத்திலீன் ப்ளூ தொட்டிக்குள் போனால் ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியாவும் அடிவாங்கும், அப்புறம் எது மூல காரணம், எது மருந்தால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. செவுள் புழு ஒரே மாலையில் ஒரு கூட்டத்தைக் கொல்லாது. அது நாட்கணக்கில் இழுக்கும், ஒன்று இரண்டாகப் போகும், மீன் கல்லில் போய் உடம்பைத் தேய்க்கும்.

முதலில் சில விஷயங்கள் சொல்லுங்கள். செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தீர்களா, என்ன நிறம்? தண்ணீர் மாற்றிய நேரத்துக்கும் முதல் மீன் மேலே வந்த நேரத்துக்கும் எத்தனை மணி நேரம்? பெரிய மீன் முதலில் போனதா, சின்னதா? அன்றைக்கு ஊற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது, வழக்கமாக ஊற்றுவது அதேதானா? இந்தக் கடைசிக் கேள்விதான் சென்னையில் பாதி வழக்கை முடித்துவைக்கும்.

மடிப்பாக்கம்88:
வீட்டில் கரப்பான் மருந்து அடித்தீர்களா? அல்லது பக்கத்து வீட்டில்? எங்கள் குடியிருப்பில் மாடிப்படி முழுக்க அடித்தார்கள், எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது, மறுநாள் விடிவதற்குள் தொட்டியில் இறால் எல்லாம் போய்விட்டது, அப்புறம் மீன். கொசுவுக்கு மாட்டுகிற திரவக் குப்பி, கரப்பான் ஸ்ப்ரே, இதிலெல்லாம் இருப்பது பைரித்ராய்டு வகை. மனிதனுக்குப் பெரிதாகத் தெரியாது, மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சின்ன அளவே எமன். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் குமிழியாகத் தள்ளுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. படுக்கையறைத் தொட்டி என்கிறீர்கள், ராத்திரி கொசுக் குப்பி எரியும், ஏர் பம்ப் பக்கத்திலேயே இருக்கும். நான் சொல்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழையபெரம்பூர்:
வெயிலையும் மறந்துவிட வேண்டாம். இந்த மாதத்தில் மூடிய அறையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி போகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிஜன் பிடித்துவைக்கும், 32ல் அது 7.3 ஆகிவிடும். குறைவது தண்ணீரில் இருப்பது, ஆனால் மீனுக்குத் தேவையோ சூட்டில் ஏறுகிறது. ராத்திரி கரண்ட் போய் ஃபில்டர் நின்றால் போதும். குராமி மட்டும் பிழைத்தது என்பதைக் கவனியுங்கள், அதற்குத் தலைக்குள் தனி மூச்சு உறுப்பு இருக்கிறது, மேலே வந்து காற்றை நேராக விழுங்கிக்கொள்ளும். சக்கரும் முடியாதபோது காற்றை விழுங்கும்.

நீர்ப்பாசி:
குராமி பிழைத்தது நல்ல தடயம், ஐயா. ஆனால் அது சொல்வது "செவுள் வேலை செய்யவில்லை" என்பதை மட்டும்தான். தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமலும் அப்படி ஆகலாம், செவுள் வெந்துபோயும் ஆகலாம். ஆக்சிஜன் குறைவு என்றால் வழக்கமாக விடியற்காலையில்தான் நடக்கும், உடம்பில் பெரிய மீன் முதலில் திணறும். இங்கே நேரம் சாயங்காலம். ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்ததா என்பதைத் தம்பிதான் சொல்ல வேண்டும்.

மடிப்பாக்கம்88 சொன்னதும் உண்மையான ஆபத்துதான், ஆனால் பைரித்ராய்டு பழைய மீன், புது மீன் என்று ஆள் பார்த்துக் கொல்லாது. சின்னத் தொட்டியில் பழையவை சாப்பிட்டுக்கொண்டு இருக்கின்றன.

வேளச்சேரிவாசி:
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கரண்ட் போகவில்லை, இரண்டு ஃபில்டரும் ஓடின. கரப்பான் மருந்து அடிக்கவில்லை. கொசுக் குப்பி இரண்டு வருடமாக அதே இடத்தில்தான் மாட்டியிருக்கிறது. செவுள் பார்த்தேன், வெளுக்கவில்லை, காப்பி நிறமும் இல்லை, ரத்தம் கட்டியதுபோல அடர் சிவப்பு, ஓரமெல்லாம் வீங்கியமாதிரி. முதல் மீன் மேலே வந்தது தண்ணீர் மாற்றி நான்கு, ஐந்து மணி நேரம் கழித்து. போனவை எல்லாம் சின்னவை.

தண்ணீர் விஷயம்: எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர் உப்பு, குழாயெல்லாம் வெள்ளை பூத்துவிடும். அதனால் ஆரம்பத்தில் ஊற்றியதற்குப் பிறகு இரண்டு தொட்டிக்கும் சமையலறை ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுவோம், டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர்தான் பிடிக்கும் என்று கடையிலும் சொன்னார்கள். ஆர்ஓ மெஷின் பழுதாகி, சர்வீஸ் ஆள் வர நாளாகிவிட்டது, அதனால்தான் ஞாயிறு அன்று பெரிய தொட்டிக்குக் குடியிருப்பின் சம்ப் (தரைக்கடித் தொட்டி) தண்ணீர் ஊற்றினேன். இப்போது சம்பில் இருப்பது பெரும்பாலும் லாரித் தண்ணீர். மெஷின் நேற்று சரியாகிவிட்டது.

சோதனைக்குழாய்:
லாரித் தண்ணீர் என்றதும் குளோரினைச் சரிபார்த்துவிடுவோம், ஏனென்றால் ஆன்டி குளோரின் போட்டேன் என்பது மட்டும் போதாது. நல்ல ப்ளீச்சிங் பவுடரில் எடையில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். காவலாளி 10,000 லிட்டர் சம்பில் ஒரு கிலோ கொட்டினால் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டும். குழாய்த் தண்ணீரில் கடைசி வீட்டுக்கு வந்துசேர வேண்டியதே 0.2 மில்லிகிராம்தான். பாட்டிலில் எழுதியிருக்கிற சொட்டுக் கணக்கு குழாய்த் தண்ணீருக்கானது, இதற்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆன்டி குளோரினில் இருக்கிற தயோசல்பேட்டைப் படிகமாக வாங்கினால் ஒரு பங்கு குளோரினுக்குச் சுமார் 7 பங்கு எடை போட வேண்டும். மழைக்குப் பிறகும் சம்ப் கழுவிய வாரத்திலும் இதை யாரும் கேட்காமல் தண்ணீர் மாற்றக் கூடாது.

நீச்சல் குளத்துக்கு விற்கிற ஆர்த்தோடோலிடின் சொட்டு வாங்கி ஒரு டம்ளர் சம்ப் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், மஞ்சளானால் குளோரின் இருக்கிறது.

ஆனால் ஒன்று, குளோரின் அடித்தால் மீன் சில நிமிடங்களிலேயே துள்ள ஆரம்பிக்கும், செவுள் வெளுத்திருக்கும், சளி கட்டும். உங்கள் விவரம் அப்படி இல்லை. காப்பி நிறம் இல்லை என்பதால், செவுளை அப்படி ஆக்கும் நைட்ரைட்டும் இல்லை. சிவந்து வீங்கிய செவுள் என்றால் என் சந்தேகம் அமோனியா.

வேளச்சேரிவாசி:
அமோனியா எப்படி சார்? இரண்டு வருடத் தொட்டி, அதுவும் பாதித் தண்ணீர் மாற்றிய அன்றைக்கு? மாற்றினால் குறையத்தானே வேண்டும்?

நீர்ப்பாசி:
தம்பி, சின்னத் தொட்டி நத்தைகளை எடுத்துப் பாருங்கள். ஓட்டின் உச்சியில் வெள்ளையாக அரித்தமாதிரி, குழி குழியாக இருக்கிறதா?

அப்புறம் யாரிடமாவது சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள், பட்டை வேண்டாம். அமோனியா, பிஎச் (புளிப்பா காரமா என்ற அளவு), கேஎச் (தண்ணீரில் இருக்கிற கார்பனேட் அளவு) மூன்றும் வேண்டும். பெரிய தொட்டி, சின்னத் தொட்டி, சம்ப், ஆர்ஓ நான்கையும் அளக்க வேண்டும். சம்ப் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டு அளங்கள். தரைக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், அது வெளியேறிய பிறகுதான் உண்மையான பிஎச் தெரியும்.

அதுவரை சின்னத் தொட்டியைத் தொடாதீர்கள். இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். ஒரு குவளை சம்ப் தண்ணீர்கூட அதில் போகக் கூடாது.

வேளச்சேரிவாசி:
அக்கா, நத்தை ஓடு நீங்கள் சொன்னதுபோலவே இருக்கிறது, சிலவற்றின் நுனி ஓட்டையே விழுந்துவிட்டது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடையாறில் ஒரு நண்பரிடம் கிட் கிடைத்தது. சம்ப்: பிஎச் 8.2, கேஎச் 14, அமோனியா இல்லை, டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 900. ஆர்ஓ: டிடிஎஸ் 40, கேஎச் பூஜ்யம். பெரிய தொட்டி: பிஎச் 8, கேஎச் 7, அமோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம். சின்னத் தொட்டி: பிஎச் 6, அதுவும் அட்டையில் அதற்குக் கீழே நிறமே இல்லை, கேஎச் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது, அதாவது ஏறக்குறைய பூஜ்யம், அமோனியா அட்டையின் கடைசி நிறம், 8. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். 8 என்று காட்டும் தண்ணீரில் அந்த மீன்கள் எப்படி விளையாடிக்கொண்டிருக்கின்றன என்று புரியவில்லை. குளோரின் சொட்டு நிறம் மாறவில்லை.

நீர்ப்பாசி:
புரிந்துவிட்டது. இரண்டும் ஒரே நோய்தான். சின்னத் தொட்டி இன்றைக்கு இருக்கும் நிலையில்தான் பெரிய தொட்டி சனிக்கிழமை ராத்திரி இருந்தது. விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் அடுத்ததைச் செய்தால் சின்னத் தொட்டியும் போய்விடும்.

மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது, மிச்ச உணவு அழுகினாலும் அதுதான். ஃபில்டர் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, அந்த வேலை நடக்க நடக்கத் தண்ணீரில் இருக்கிற காரம், அதாவது நாம் கேஎச் என்று அளக்கிற கார்பனேட், செலவாகிக்கொண்டே இருக்கும் என்பது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 7 மில்லிகிராம் அளவு காரம் போய்விடும். போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஊற்றினால் ஒவ்வொரு முறையும் காரம் திரும்ப நிரம்பும். ஆர்ஓ தண்ணீரில் அது கிடையாது. மாதக்கணக்கில் ஆர்ஓ மட்டும் ஊற்றினால் இருந்ததும் கழுவிப்போகும், கேஎச் பூஜ்யம் ஆகும், பிஎச் சரிந்து 6க்கு வரும். உங்கள் நத்தையின் ஓட்டைத் தண்ணீர் கரைத்துக் குடித்தது அதனால்தான்.

பிஎச் ஆறரைக்குக் கீழே போனதும் பாக்டீரியா மந்தமாகும், 6ல் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அமோனியா ஏற ஆரம்பிக்கும். நைட்ரைட் பூஜ்யமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதை உண்டாக்க ஆள் இல்லை. கடையில் பட்டையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றது இப்படித்தான்.

மீன்கள் ஏன் சாகவில்லை? அமோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அமோனியம், அது செவுளைக் கடந்து உள்ளே போவது கடினம், பெரிய தொந்தரவு தராது. இன்னொன்று கட்டுப்படாத அமோனியா, அதுதான் விஷம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச்சும் சூடும். 30 டிகிரியில், பிஎச் 6ல், மொத்தத்தில் பத்தாயிரத்தில் 8 பங்கு மட்டும் விஷ உருவம். பிஎச் 8ல் அதுவே 740 பங்கு. நம் கிட் காட்டுவது இரண்டையும் சேர்த்து.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் போடுங்கள். மாற்றுவதற்கு முன் மொத்தம் 8, அதில் விஷம் 0.006 மில்லிகிராம். பாதித் தண்ணீர் மாற்றியதால் மொத்தம் 4 ஆகக் குறைந்தது, ஆனால் கேஎச் 14 இருக்கிற சம்ப் தண்ணீர் கலந்து பிஎச் 8 ஆனது, விஷம் 0.3 மில்லிகிராம். மொத்தம் பாதியானது, விஷம் நாற்பத்தைந்து மடங்கு ஏறிவிட்டது. 0.3 என்பது சின்ன மீனுக்கு ஒரு நாள்கூடத் தாங்காத அளவு. நான்கைந்து மணி நேரம் ஏன் ஆனது என்றால், கலந்த உடனே பிஎச் ஏறிவிடாது, ஃபில்டர் தண்ணீரைக் கலக்கக் கலக்கக் கரியமில வாயு வெளியேறி மெல்ல ஏறும்.

சின்னத் தொட்டிப் பழைய மீன்கள் பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் புளித்த தண்ணீருக்குப் பழகியவை. கொளத்தூர் மீன் வளர்ந்தது அந்த ஊர் போர் தண்ணீரில், பிஎச்சும் உப்பும் அதிகம். அரை மணி நேரம் பை மிதந்தால் சூடுதான் சமமாகும், தண்ணீர் சமமாகாது. வெளியில் இதைப் பழைய தொட்டி நோய் என்பார்கள், ஓல்டு டேங்க் சிண்ட்ரோம். பழையவை நலம், புதியவை மறுநாள் மரணம் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

2019ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிக் குழாயில் காற்று வந்த கோடையில் எனக்குத் தெரிந்த சில வீடுகளில் இதே மரணத்தைப் பார்த்தேன். எல்லோரும் லாரிக்காரரைத் திட்டினார்கள். லாரித் தண்ணீரில் விஷம் எதுவும் இல்லை, விஷமாகக் காத்திருந்தது தொட்டிக்குள்ளேயே இருந்தது.

கப்பிரசிகன்:
அப்படியென்றால் சின்னத் தொட்டியில் கொஞ்சம் சமையல் சோடா போட்டுப் பிஎச்சை உயர்த்திவிட்டால் பாக்டீரியா எழுந்துவிடாதா அக்கா?

நீர்ப்பாசி:
வேண்டவே வேண்டாம். அமோனியா 8 இருக்கும்போது பிஎச்சை உயர்த்துவதுதான் ஞாயிறு அன்று நடந்தது. முதலில் அமோனியாவை இறக்க வேண்டும், பிறகுதான் பிஎச்சை ஏற்ற வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

இரண்டு தொட்டிக்கும் சிகிச்சை நேர் எதிர், அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன். பெரிய தொட்டி ஏற்கெனவே 8க்கு வந்துவிட்டது, அங்கே இப்போது சம்ப் தண்ணீர்தான் நண்பன். இன்றைக்கே மறுபடி பாதி மாற்றுங்கள், நாளைக்கும் மாற்றுங்கள், பிஎச் அதேதான் இருக்கும், அமோனியா மட்டும் பாதி பாதியாக இறங்கும். காற்றை அதிகமாக விடுங்கள். சின்னத் தொட்டிக்கு மெஷினிலிருந்து வரும் ஆர்ஓ தண்ணீர்தான், தினமும் கால்வாசி, சூட்டைச் சரிபார்த்து மெதுவாக ஊற்றுங்கள். கேஎச் இல்லாத தண்ணீர் என்பதால் பிஎச் பெரிதாக நகராது, அமோனியம் மட்டும் வெளியே போகும். அது அரைக்குக் கீழே வரும்வரை வேறு எதுவும் கூடாது. இரண்டுக்கும் இரண்டு மூன்று நாள் தீனி வேண்டாம், பட்டினியால் மீன் சாகாது.

ஜியோலைட் கல் கிடைத்தால் ஒரு துணிப்பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் வைக்கலாம், அமோனியத்தைப் பிடிக்கும். ஆனால் கல் உப்பைச் சேர்த்தால் பிடித்ததைத் திரும்பக் கக்கிவிடும், ஆகவே உப்பு வேண்டாம்.

தொட்டிமனிதன்:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. டிடிஎஸ் 900 இருக்கிற தண்ணீரைப் பாதி ஊற்றினால் மீனுக்கு அந்த அதிர்ச்சியே போதும், புது மீனும் அதற்கு எதிர்த்திசையில் அதே அதிர்ச்சியில்தான் போயிருக்கும். அமோனியாவைக் கொண்டுவராமலே இரண்டு மரணத்துக்கும் இதுவே விடை ஆகிறது.

நீர்ப்பாசி:
புது மீன் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அங்கே உப்பும் பிஎச்சும் ஒருசேர மாறியதுதான் முக்கிய அடி. பெரிய தொட்டியில் ஏற்க முடியவில்லை. உப்பு ஏறியதால் செவுள் சிவந்து வீங்காது, கிட்டில் 4 என்று நிறமும் வராது. உப்பு அதிர்ச்சி கூடவே இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை.

தொட்டிமனிதன்:
சரி, கூடவே இருந்தது என்ற அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். எது முதல் அடி என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் சிகிச்சை நீங்கள் சொன்னதேதான், இரண்டிலும் மெதுவாகத்தான் போக வேண்டும்.

பழையபெரம்பூர்:
நல்ல விளக்கம் அம்மா. தம்பி, ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிட்டு மாட்டுங்கள். நன்றாக ஓடுகிற தொட்டியிலிருந்து யாராவது ஒரு ஸ்பாஞ்ச் கொடுத்தால் இன்னும் நல்லது. பெரம்பூர் பக்கம் வந்தால் என்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இனி எப்போதாவது காரணமே தெரியாமல் மீன் போனால், செத்து நேரமாகாததை ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் வைத்தால் திசு கெட்டுவிடும். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். செத்துப் பாதி நாள் மிதந்த மீனை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

வேளச்சேரிவாசி:
பெரிய தொட்டியில் அமோனியா அரைக்குக் கீழே வந்துவிட்டது. மிச்சமிருந்த டெட்ராக்கள் அடுத்து எதுவும் சாகவில்லை, துடுப்பை விரித்து நடுத்தண்ணீரில் நீந்துகின்றன. நைட்ரைட் முதல் தடவையாகக் கொஞ்சம் காட்டியது.

சின்னத் தொட்டியில் ஆர்ஓ தண்ணீர் மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறேன், 8லிருந்து 1க்கு வந்திருக்கிறது, பிஎச் இன்னும் 6தான். ஒரு மீன்கூடப் போகவில்லை. ஐயா, பெரம்பூர் வரும்போது உங்களிடம் ஸ்பாஞ்ச் வாங்கிக்கொள்கிறேன், ரொம்ப நன்றி. அக்கா, இனி எந்தத் தண்ணீரை ஊற்றுவது? ஆர்ஓவை விட்டுவிடவா?

நீர்ப்பாசி:
நைட்ரைட் காட்டியது நல்ல சேதிதான், பாக்டீரியா எழுந்துவிட்டது என்று அர்த்தம், ஆனால் அதுவும் விஷம் என்பதால் பூஜ்யமாகும்வரை அளந்துகொண்டே இருங்கள், ஏறினால் மாற்றுங்கள்.

ஆர்ஓவை விட வேண்டாம், கலந்து ஊற்றுங்கள். ஒரு வாளி சம்ப், மூன்று வாளி ஆர்ஓ. கேஎச் மூன்றரை வரும், டிடிஎஸ் 250 பக்கம் நிற்கும், டெட்ராவுக்கு அது சுகமான தண்ணீர். பெரிய தொட்டியை வாரம் ஒருமுறை கால்வாசி இந்தக் கலவையால் மாற்றினால் தானாகவே அந்த இடத்துக்கு இறங்கிவரும், அவசரம் இல்லை. சின்னத் தொட்டிக்கு அமோனியா அரைக்குக் கீழே வந்த பிறகு, முதலில் ஒன்பது பங்கு ஆர்ஓவுக்கு ஒரு பங்கு சம்ப், சில நாள் கழித்து அதைவிடக் கொஞ்சம் கூட்டி, கேஎச் ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் பக்கத்தில் ஒரு பிடி கழுவிய சிப்பி ஓட்டை வலைப்பையில் போட்டுவைக்கலாம், பிஎச் சரியும்போது அது கரைந்து கொஞ்சம் தாங்கும். நத்தைக்கும் நல்லது.

ஆவியாகி இறங்கிய அளவை நிரப்ப மட்டும் தனி ஆர்ஓ தண்ணீர். அதற்குக் கலவையை ஊற்றினால் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

லாரி மாறும்போது போர் மாறும், கேஎச்சும் மாறும். அதனால் புது லோடு இறங்கிய வாரத்தில் சம்பை ஒருமுறை அளந்துவிட்டுக் கலவையைப் போடுங்கள். புது மீன் வாங்கினால் பையை மிதக்கவிடுவது போதாது, ஒரு வாளியில் விட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள்.

மடிப்பாக்கம்88:
இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் அளந்தேன். பீட்டா குடுவைக்குக் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், கேஎச் 1, பிஎச் ஆறரை, அமோனியா கால். மீன் நன்றாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும் அக்கா?

நீர்ப்பாசி:
நீங்கள் சரியான நேரத்தில் பார்த்திருக்கிறீர்கள். கால் என்பதால் பயமில்லை. இன்றைக்குக் கேன் தண்ணீராலேயே ஒரு தடவை கால்வாசி மாற்றுங்கள், நாளையிலிருந்து ஒவ்வொரு மாற்றத்திலும் நாலில் ஒரு பங்கு உங்கள் போர் தண்ணீர் சேருங்கள், குளோரின் பார்த்துவிட்டு. அடுத்த வாரம் கேஎச்சை மறுபடி அளந்து இங்கேயே போடுங்கள்.